உதடு கேட்ட வரம்

சர்ர்ரென்று ஒரு சத்தம். பித்தளைக் கம்பியில் வளையங்கள் உரசிக்கொண்டே ஓடி, ஓடி முடிந்த இடத்தில் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கி அடங்கின. கண்ணை மூடியிருந்தேன், அதனால் முதலில் சத்தம்தான் வந்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நின்ற நிலையிலேயே தூக்கம் வரும், குதிரைக்கு வருகிற மாதிரி. திறந்து பார்த்தால் சிவப்புத் திரை மூடியிருக்கிறது, மூடிய வேகத்தில் அதன் அடிவிளிம்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இனிமேல் பேசக்கூடாது. பேச்சியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை இப்படித்தான். பூசாரி வேளார் மஞ்சள் துணியால் வாயை இறுக்கக் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டால் மணி கிடையாது, மேளம் கிடையாது, மந்திரம் கிடையாது. திரை விலகி அவர் வாய்க்கட்டை அவிழ்க்கிற வரைக்கும், நிற்கிறவர்கள் தொண்டையைக்கூடச் செருமக்கூடாது. பேச்சி என்று பேர், ஒரு பேச்சு கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளே வந்து நின்று பார்த்தபிறகு சிரிக்கமாட்டார்கள். கொஞ்சம் முன்னால்தான் வேளார் வாசலில் நின்று வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். "போனெல்லாம் கூடையில போட்டாச்சா? இருமல் உள்ளவுக, கைப்பிள்ளைக்காரிக வேப்பமரத்தடிக்குப் போயிருங்க. நடுவுல சத்தம் போட்டுட்டு அப்புறம் அவ மேல பழி சொல்லக்கூடாது." பூக்காரச் செல்லத்தாய் விடுவாளா. "எனக்கு இருமல் இல்ல சாமி, வீட்ல மருமவதான் இருக்கா. அவள வேணா மரத்தடில கட்டிப்போட்டுட்டு வரவா?" எல்லோரும் சிரித்தார்கள், வேளாரும் சிரித்தார். சிரிப்பு முடியுமுன்பே துணியை எடுத்து வாயில் கட்டினார். சிரித்த வாய் துணிக்குள் போய்விட்டது, கண்கள் மட்டும் மிச்சம். அந்தக் கண்கள் சிரிக்கவில்லை. வாய் சிரித்தபோது அவை மட்டும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன என்று இப்போது யோசனையாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, வேளாரின் நிழல் குனிகிறது, நிமிர்கிறது. நிழல் இரண்டாகத் தெரிகிறது. விளக்கும் இரண்டுதான், தெரியும். இருந்தாலும் ஒன்று குனிந்தபிறகுதான் மற்றது குனிகிற மாதிரி இருக்கிறது.

மாரிக்கனி எதிர் வரிசையில் நிற்கிறாள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் சன்னதிக்குப் போகிற பாதை. நான் சாமி கும்பிட வரவில்லை. என் பொண்டாட்டி சாமியிடம் என்ன சொல்கிறாள் என்று பார்க்க வந்திருக்கிறேன். பார்க்க என்றால் நிஜமாகவே பார்க்கத்தான். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தவர்கள் உதட்டை வைத்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். நூல் முறுக்குகிற கதிர்கள் சுற்றுகிற இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது, கத்துகிறவனுக்குத் தொண்டைதான் போகும். அதனால் குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் பெரிதாக அசைப்போம். அந்தக் கோடியில் இருப்பவன் இந்தக் கோடியில் இருப்பவனுக்கு மாமனார் வீட்டுச் சண்டையை முழுக்கச் சொல்லி முடித்துவிடுவான். புரிந்துவிட்டால் விரலால் காது மடலைத் தொட்டுக் காட்டவேண்டும். கேட்டுவிட்டது என்று அர்த்தம். மாரிக்கனி அப்போது நூலைச் சிட்டம் போடுகிற ரீலிங்கில் இருந்தாள், நான் பகல் ஷிப்டில் புதுசு. தறிகெட்டுப் பறக்கிற பஞ்சுக்கு நடுவில் ஒருநாள் அவள் வாய் அசைந்தது: "என்ன பார்வை?" நான் காது மடலைத் தொட்டேன், கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல். அவள் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எங்கள் பேச்சு ரொம்ப நாள் அப்படியே சத்தமில்லாமல் நடந்தது. அவள் குரலை நான் கேட்டது பிந்தித்தான். மில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பின்னாலிருந்து யாரோ "ஏங்க, குடை இருக்கா" என்று கேட்க, யார் இது என்று திரும்பிப் பார்த்தேன். அவள்தான். நான் அந்த உதட்டுக்கு வைத்திருந்த குரல் வேறு. இன்றைக்கும் சில நேரம் அவள் சமையலறையிலிருந்து கூப்பிடும்போது, யாரோ ஒருத்தி வந்து அவள் வாய்க்குள் இருந்துகொண்டு கூப்பிடுகிற மாதிரி ஒரு கணம் தோன்றிப் போகும். மகள் பிறந்ததும் அவள் மில்லை விட்டு நின்றுவிட்டாள். மகளும் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். நான் மட்டும் அந்த இரைச்சலிலேயே இருக்கிறேன், பகல் ஷிப்ட் போய் ராத்திரி ஷிப்டே நிரந்தரமாகிவிட்டது. இரைச்சல் வேலையோடு முடிவதில்லை. மில்லை விட்டு வெளியே வந்தாலும் காதுக்குள் ஒரு கதிர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஙொய் என்று ஒரே சுதியில். கிளை நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வெளியே இல்லாத சத்தத்தை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறதாம். அப்படியென்றால் சாமியும் அப்படித்தானோ என்று அன்றைக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது, புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கோயிலில் மற்றவர்கள் எல்லோரும் அமைதியில் நிற்கிறார்கள். நான் மட்டும் மில்லுக்குள் நிற்கிறேன்.

மில்லுக்குள் நிற்பதால் எனக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது. சத்தம்தான் கூடாது என்கிறார் வேளார், உதட்டை யார் தடுப்பது? மனசுக்குள் வேண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முக்கால்வாசிப் பேர் உதட்டை அசைக்கிறார்கள். செல்லத்தாய் இந்த நிமிஷம் சொல்லிக்கொண்டிருப்பது: அவ கொட்டத்த அடக்கு, கொஞ்சமா அடக்கு, ரொம்ப அடக்கிராத, பேரன் முகம் வாடிப்போகும். வாசலில் அவ்வளவு வாய் பேசினவள், மருமகளுக்காக அளந்து அளந்து கேட்கிறாள். அவளுக்கு அடுத்து நிற்கிற நீலச்சேலைப் பெண் வெறும் பேர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறாள், யார் யார் என்று தெரியவில்லை, சொல்லி முடித்ததும் முதலிலிருந்து தொடங்குகிறாள். குளிக்கிற இடத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை இது, அதைவிடக் கேவலம். போன வெள்ளிக்கிழமை வரை நான் இதைச் செய்ததில்லை. போன வெள்ளி என்ன நடந்ததென்றால், பகல் தூக்கத்திலிருந்து இடையில் முழிப்புத் தட்டியது, வீட்டில் மாரிக்கனி இல்லை. குடிக்கத் தண்ணீர் மொண்டபோது ஞாபகம் வந்தது, உச்சிப் பூசை. சும்மா நடந்து வந்தேன். திரை மூடி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஆண்கள் வரிசைக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒதுங்கினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் வந்தது தெரியாது. அவள் உதடு மில்லில் அசைந்ததுபோல அசைந்துகொண்டிருந்தது, பெரிதாக, திருத்தமாக, கோடியில் நிற்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி. "மார்ல கட்டி. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காங்க. அடுத்த வெள்ளி நாலு மணிக்குச் சொல்லுவாங்களாம். நல்லதாச் சொல்ல வைய்யி. அவருக்குத் தெரிய வேண்டாம் தாயே. தாங்கமாட்டாரு." திரை விலகுமுன் நான் வெளியே வந்துவிட்டேன். அவளுக்கு முன்னால் வீடு வந்து பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். வந்தாள், என் நெற்றியில் திருநீறு வைத்தாள், விரல் சூடாக இருந்தது. தூங்குகிறவன் மாதிரி மூச்சு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நாலு மணி இன்றைக்கு. சாயங்காலம் தங்கச்சி வீடு வரைக்கும் போகணும், பலகாரம் சுட ஆள் வேணுமாம் என்றாள் காலையில். சரி என்றேன். இந்த ஒரு வாரமும் சரி என்பதைத் தவிர வேறொன்றும் நான் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால், எப்படித் தெரியும் என்பாள். கோயிலில் உன் வாயைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். சாமிக்கென்று சொன்னதை நடுவில் புகுந்து எடுத்தவன் நான், அதை எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் பொய், அதற்காகத்தான் நான் சும்மா இருந்தேன் என்பது. கேட்டால் அது நிஜமாகிவிடும், அதுதான். அவள் உதட்டில் மட்டும் இருக்கிற வரைக்கும் அந்தக் கட்டி இந்த மண்டபத்துக்குள்ளேயே கிடக்கும், வீட்டுக்கு வராது என்று ஒரு கணக்கு. ராத்திரி மிஷினில் இழை அறுகிறது, கை போய் ஒட்டுகிறது, அறுகிறது, ஒட்டுகிறது, இடையில் அந்த வார்த்தை, மார்ல கட்டி, மார்ல கட்டி, கதிரோடு சேர்ந்து சுற்றுகிறது. இன்றைக்கு அவளோடு வருவதாகச் சொன்னேன். எழுப்பிவிடச் சொல்லியிருந்தேன், எழுப்பினாள். "ஏங்க, எந்திரிங்க. கோயிலுக்கு வர்றேன்னீங்களே." உடனே குரலைத் தணித்துக்கொண்டு, "இல்ல, அசதியா இருந்தாத் தூங்குங்க, நான் போயிட்டு வந்துர்றேன்" என்றாள். வருகிறேன் என்று எழுந்து குளித்தேன். வாசலில் நியூஸ் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், பாதியில் அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். எப்போது வெளியே கிளம்பினாலும் என்னை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பாள். எவ்வளவு குளித்தாலும் எங்கேயாவது ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும், புருவத்தில், காதுக்குப் பின்னால், அதைக் கிள்ளி எடுத்து ஊதிவிடுவாள். இன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இப்போதும் பார்க்கவில்லை. நான் இங்கே நிற்பது தெரியும், அதனால் முந்தானையை எடுத்து வாயை மூடியிருக்கிறாள், புகைக்கு மூடுகிற மாதிரி. புகை இல்லை. சேலைக்குள் வாய் அசைகிறது. துணி அசைவது தெரிகிறது, சொல் தெரியவில்லை. வேளாரின் மஞ்சள் துணிக்கும் இவள் பச்சைத் துணிக்கும் நடுவில் நான். இந்தப் பூமியில் எனக்குத் தெரியவேண்டிய இரண்டு வாயும் கட்டிக்கிடக்கிறது.

ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தால் சேலை ஓரத்தில் உதட்டின் முனையாவது தெரியுமா என்று பார்த்தேன். செல்லத்தாயின் கூடை மறைத்தது. இன்னும் அரை அடி நகர்ந்தேன். பெண்கள் வரிசைக்குப் பின்னால் தூணில் ஒரு பெரிய கண்ணாடி சாய்த்து மாட்டியிருக்கிறது, கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்களுக்கும் அம்மன் முகம் தெரியட்டும் என்று யாரோ வாங்கிக் கொடுத்தது, உபயம் என்கிற எழுத்து மட்டும் மேலே இருக்கிறது, பேர் உதிர்ந்துவிட்டது. ரசமும் உதிர்ந்துவிட்டது. திட்டுத் திட்டாகக் கறுத்துப்போய், இடையிடையே கையகலத்துக்குத் தெளிவு. அதில் ஒரு தோள், ஒரு காது, ஒரு பூணூல், எதுவும் எதோடும் ஒட்டாமல். அப்போதுதான் என் அம்மா நினைவுக்கு வந்தாள். ஏன் வந்தாள்? இதே இடத்தில் நின்றதால் இருக்கும். அம்மா ஒரு பக்கம் கைகால் விழுந்து ஒரு வருஷத்துக்குக் கிட்டக் கிடந்தாள், முதுகு பூராவும் புண். மாரிக்கனிதான் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், முகம் சுளிக்காமல் அள்ளினாள். கடைசியில் வேளாரே ஒருநாள் சொன்னார்: "தம்பி, தப்பில்ல, வந்து கேளுங்க. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து வந்து கேளுங்க." இரண்டு பேரும் வந்து எதிரெதிரே நின்று கேட்டோம். இழுக்காம முடிச்சிரு தாயே. அதே சொல்லை அவள் உதட்டில் நானும் என் உதட்டில் அவளும் பார்த்தபடி, சுதி பிசகாமல், திரை விலகுகிற வரைக்கும். அடுத்த வெள்ளி வருமுன் அம்மா போய்விட்டாள். நல்ல சாவு என்று ஊரே சொன்னது. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் அழுதோம், அழுதபிறகு கொஞ்ச நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதன்பிறகு வேறு என்ன கேட்கவும் எனக்கு இங்கே வாய் வரவில்லை. வேளார் திரையின் அந்தப் பக்கம் நிமிர்கிறார். நிழல் ஒன்று நிமிர்கிறது. மற்றது நிமிரவில்லை.

சத்தம் நின்றது. எந்தச் சத்தம் என்று உடனே பிடிபடவில்லை. எல்லாம் ஏற்கெனவே சத்தமில்லாமல்தானே இருக்கிறது. என் காது. காதுக்குள் சுற்றிய கதிர் நின்றுவிட்டது. மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரு நிமிஷமும் விடாமல் சுற்றியது, கரண்டு போன மாதிரி நின்றுவிட்டது. மில்லில் கரண்டு போனால் வருகிற பயம் தெரியுமா? எல்லா மிஷினும் ஒன்றாக நிற்கும், அந்த அமைதியில் நம்முடைய மூச்சு இன்னொருத்தன் மூச்சாகக் கேட்கும். அப்படி ஒரு மூச்சு பக்கத்தில் கேட்டது. இவ்வளவு காலமும் இவர்கள் எல்லாம் இதற்குள்தான் நின்றுகொண்டிருந்தார்களா? இவ்வளவு பெரிய காலி இடத்தில், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், இத்தனை சாதாரணமாக? கண்ணாடியைப் பார்த்தேன், பார்க்க வேறு இடம் இல்லாததால். தெளிவான ஒரு திட்டில் ஒரு வாய் இருந்தது. கண் இல்லை, நெற்றி இல்லை, கறுப்புக்கு நடுவில் மீசையும் வாயும் மட்டும். ஆண்கள் வரிசையில் யாருடையதோ. அது பேசிக்கொண்டிருந்தது, மில்லுக்காரன் வாய், பெரிதாக, திருத்தமாக. இழுக்காம முடிச்சிரு. இழுக்காம முடிச்சிரு. யார் இவன்? யாருக்கு இதைக் கேட்கிறான்? வீட்டில் யாரைப் படுக்கப் போட்டுவிட்டு வந்து இங்கே நின்று இதைக் கேட்கிறான் பாவி? இடப்பக்கம் திரும்பினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பல் இல்லாத கன்னம் உள்ளே ஒட்டி நின்றார். வலப்பக்கம் யாரும் இல்லை, நகர்ந்து வந்ததில் வரிசையின் கடைசி ஆள் நான்தான். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தால் வாயைக் காணோம், தலை முழுக்கத் திரும்பாததால். நேராக நின்றதும் வந்தது, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மீசை ஓரத்தில் வெள்ளையாக ஒரு பஞ்சு. அந்தப் பஞ்சு அது பேசப் பேச ஆடியது. நான் கையைத் தூக்கினேன். கண்ணாடியில் அந்த வாய்க்குப் பக்கத்தில் ஒரு விரல் வந்தது. என் மீசையில் என் விரலுக்குப் பஞ்சு தட்டுப்பட்டது, விரலுக்குக் கீழே என் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் அசைக்கவில்லை. சத்தியமாக நான் அசைக்கவில்லை. அறுந்த இழையைக் கண்டால் யோசிக்குமுன் கை போய்விடுகிற மாதிரி, இந்த இடத்தில் நிறுத்தியதும் உதடு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக? நான் மனசுக்குள் கேட்டது வேறு. நல்லதாச் சொல்லணும் என்று கேட்டேன், அவளை விட்டுவிடு என்று கேட்டேன், கேட்டேனா? கேட்டதாகத்தான் நினைத்தேன். பல்லால் உதட்டைக் கடித்தேன். நின்றது. நின்ற பிறகும் உள்பக்கம் துடித்தது.

இங்கே யார் எதை எடுத்துக்கொள்வார்கள்? மனசில் ஒன்று ஓடுகிறது, உதட்டில் ஒன்று ஓடுகிறது. சத்தமாகக் கும்பிடுகிற கோயில் என்றால் குரலைப் போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடலாம். இந்த அமைதியில் இரண்டும் தனித்தனியாக அலைகிறது. மனசைப் பார்க்கிற சாமி என்றால் தப்பித்தேன். ஆனால் இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று தோன்றுகிறது. எத்தனையோ தலைமுறையாக ஒரு சத்தமும் கேட்காமல் நின்றவள், எதிரே அசைகிற வாய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், மில்லில் பாதி ஆயுளைக் கழித்தவள் மாதிரி. உதட்டைத்தான் பார்ப்பாள். அம்மாவுக்குக் கேட்டபோது உதட்டைப் பார்த்துத்தான் கொடுத்தாள். மாரிக்கனியைப் பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. முந்தானை வாயிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இல்லை, வாயை. எப்போதிருந்து பார்க்கிறாள்? நான் கண்ணாடியில் யாரோ ஒரு பாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்கவா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தமில்லாமல் சொல்லலாம், எங்களுக்குத்தான் அந்தப் பாஷை உண்டே. உனக்கு இல்லை, அது அம்மாவுக்குக் கேட்டது, பழைய வேண்டுதல், தானாக வந்துவிட்டது. ஆனால் உதட்டைத் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவளுக்கு மேலே இன்னொருத்தியும் திரைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூடிய வாயோடு நின்றேன். மாரிக்கனி மெதுவாகக் கையைத் தூக்கினாள். விரல் காது மடலைத் தொட்டது. கம்மலைச் சரிசெய்தாளா, கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய்க் கை அங்கே நின்றதா, இல்லை அந்தப் பழைய சைகைதானா? கேட்டுவிட்டது. யாருக்குக் கேட்டுவிட்டது? சர்ர்ரென்று வளையங்கள் ஓடின. திரை விலகி, வெள்ளிக் கண்களோடு அவள் நின்றாள், கல் உதடு ஒன்றோடொன்று ஒட்டி, எதையோ சொல்லி முடித்து அப்போதுதான் மூடியது போல. வேளார் வாய்க்கட்டை அவிழ்த்தார். செல்லத்தாய் முதல் ஆளாக ஒரு பெரிய இருமலை இருமி, "அம்மாடி, உசுரு வந்துச்சு" என்றாள். காதுக்குள் கதிர் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

வழி முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. வெயிலில் எங்கள் நிழல் காலுக்குக் கீழேயே கிடந்தது, மிதித்துக்கொண்டே வந்தோம். கோயிலில்தான் பேசக்கூடாது, தெருவில் பேசலாம். ஆனால் அந்த அமைதி எங்களோடு கூடவே நடந்து வந்து, பூட்டைத் திறந்ததும் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் போயிற்று. நியூஸ் பேப்பரில் கீரை கிடந்தபடி கிடந்தது, உருவின இலை ஒரு பக்கம், உருவாத கொத்து ஒரு பக்கம், வெயில் பட்டுக் கொஞ்சம் வாடியிருந்தது. மாரிக்கனி செருப்பைக் கழற்றினாள், சொம்பில் தண்ணீர் குடித்தாள், திரும்பி என் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள். ஒரு கணம் பின்வாங்கிவிட்டேன். அவள் என் மீசையிலிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள், உள்ளங்கையில் வைத்து ஊதினாள்.

"உங்கம்மாவுக்குக் கேட்டத எனக்கும் கேட்டுட்டீங்க."

குரல். உதடு இல்லை, குரல். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கனி, நான் கேக்கல, அது வாய் தானா…"

"எனக்குத் தெரியாதா உங்க வாய?" என்றாள். கீரைக்கு முன்னால் உட்கார்ந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. "கேட்டது கேட்டீங்க. கொஞ்சம் நாள் தள்ளிக் கேட்டிருக்கலாம்ல."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். உதடு சிரித்தது. கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, வேளாரின் கண் நினைவுக்கு வந்துவிட்டது. நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"போன வெள்ளி நீங்க வந்திருந்தீங்களா?"

"ம்."

"நெனச்சேன். திருநீறு வைக்கையில மூச்சு அடங்கிப் போச்சே உங்களுக்கு."

"நாலு மணிக்கு நானும் வர்றேன்."

"ராத்திரி வேலைக்குப் போகணும். தூங்க வேணாமா?"

"வர்றேன் கனி." சத்தமாகச் சொன்னேன். தெருவில் போகிறவனுக்குக் கேட்டிருக்கும். மனசும் வாயும் ஒன்றாக இருக்கிறதா என்று எனக்கே கேட்கவேண்டியிருந்தது, அதனால் இன்னொருமுறை சொன்னேன். "நான் வர்றேன். நீ கூட்டிட்டுப் போ."

அவள் குனிந்திருந்தாள். உதடு அசைந்தது, எனக்காகவா வேறு யாருக்காகவா தெரியாது. நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கண்ணைத் தாழ்த்தி, அவள் விரல்களை மட்டும் பார்த்தேன். ஒரு கொத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"காம்பு சேராம உருவுங்க."

நுனியைப் பிடித்து இழுத்தேன். இலைகள் ஒரே இழுப்பில் உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தன. அடுத்த கொத்தை எடுத்தேன்.